ஜன்னலுக்கு வெளியே நின்ற இருபத்தொரு பேரையும் எண்ணக் கோருதல்

அனுப்புநர்
ஒடினெல் சான்வில்,
காய்கறி மொத்தச் சந்தை வண்டி ஓட்டுநர்
(ஹைட்டியிலிருந்து வந்து எட்டாண்டுகளாக இங்கு வசிப்பவர்),
சான் எலாதியோ, சிலி.

பெறுநர்
மேயர் அவர்கள்,
சான் எலாதியோ நகராட்சி.

பொருள்: புதிதாகக் குடியேறியவர்களுக்கான சனிக்கிழமை ஸ்பானிய மொழி வகுப்பை ஆகஸ்ட் 31-உடன் மூடும் உத்தரவை நிறுத்திவைத்து, மாணவர்களை மறுபடி எண்ண வேண்டுவது.

மதிப்பிற்குரிய அம்மா,

1. நகராட்சிச் செலவில் ஆரம்பப் பள்ளியின் மூன்றாம் அறையில் நடக்கும் மேற்படி வகுப்பில் முப்பத்தொரு பேர் பதிவு செய்துள்ளனர். ஜூலையில் ஒரு சனிக்கிழமை மூன்றரை மணிக்குப் பார்வையிட வந்த தங்கள் அலுவலர் பத்துப் பேரை மட்டும் கண்டு, 'ஆர்வம் இல்லை' என்று எழுதிவிட்டார். உள்ளே இருந்தவர்களை அவர் சரியாகத்தான் எண்ணினார். மீதி இருபத்தொரு பேரும் அதே அறையின் ஜன்னலுக்கு வெளியே நின்று, ஒருவர் முதுகில் ஒருவர் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

2. ஏன் உள்ளே போகவில்லை என்று தாங்கள் கேட்பது நியாயமே. அவர்கள் எல்லாரும் எங்கள் நாட்டுக்காரர்கள், சந்தையில் வேலை செய்பவர்கள். சந்தை வேலை முடிவதும் மூன்று மணி, வகுப்பு தொடங்குவதும் மூன்று மணி. குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, காலணியைத் துடைத்துக்கொண்டு வர அரைமணி ஆகிவிடுகிறது. வெங்காய நாற்றத்தோடு பள்ளிக்கூடம் போகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. எங்கள் ஊர்ப் பள்ளிகளில் காலையில் கொடியேற்றியதும் வாயிற்கதவைச் சாத்திவிடுவார்கள். பிந்தி வந்தவன் தட்டமாட்டான்; பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் உள்ளே போவான். நாற்பது வயதானாலும் அந்தப் பயம் போவதில்லை அம்மா.

3. எட்டாண்டுகளுக்கு முன் நானும் என் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு அதே ஜன்னலடியில்தான் நின்றேன். அப்போது பாடம் நடத்திய எலியானா டீச்சர் பதிவேட்டோடு வாசலுக்கு வந்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். என் பெயரை அவர் வாசித்த அழகில் எனக்கே அது யாரென்று தெரியவில்லை. "உன்னத்தாம்ப்பா, கோட்டு போட்ட மாப்பிள்ளை! குளிரு உள்ள வர்றதுக்கு முன்னாடி நீ வந்துடு!" என்றார். அன்றிலிருந்து ஜூலைக் குளிரிலும் கதவு சாத்திக்கொள்ளாதபடி இடுக்கில் ஒரு செங்கலை வைத்து, இரண்டு கோட்டு அணிந்து பாடம் நடத்தினார். இடைவேளையில் தேநீரும், அவகாடோ தடவிய ரொட்டியும் கொடுப்பார். இந்த ஊரில் முதன்முதலாக என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர் அவர்.

4. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். புதிய ஆசிரியர் நல்லவர். உள்ளே இருப்பவர்களுக்குக் குளிருமே என்று கதவைச் சாத்திவிடுகிறார். அவர்மேல் குற்றமில்லை. குற்றம் என்மேல்தான். தட்டிவிட்டு உள்ளே போகலாம் என்று புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். வெளியே நின்ற காலம் எனக்கு மறந்தே போய்விட்டது.

5. வெளியே நின்றவர்களில் என் மனைவி ரோஸ்மேனும் ஒருவர். எட்டாண்டுப் பிரிவுக்குப் பிறகு மே மாதம்தான் வந்து சேர்ந்தார். இப்போது மூன்று மாதக் கர்ப்பம். மருத்துவமனையில் அவருக்காக நான்தான் பேசுகிறேன். சென்ற வாரம் வீடு திரும்பியதும், "வலி எனக்கு, பேச்சு உங்களுக்கா? எப்படி வலிக்குதுன்னு உங்களுக்கு என்ன தெரியும்? பிரசவத்துக்குள்ள நானே பேசக் கத்துக்கறேன், போங்க!" என்று சண்டை பிடித்தார். இந்த வகுப்பை மூடினால் அவருக்கு வேறு வகுப்பு இல்லை.

6. அன்று தங்கள் அலுவலர் வந்தபோது இருபத்தொரு பேரும் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டு, "வணக்கம் ஐயா" என்று ஸ்பானிய மொழியில் சொன்னார்களாம். அந்த வகுப்பின் முதல் பாடம் அதுதான். அவரும் பதில் வணக்கம் சொல்லிவிட்டு, மாணவர்களை எண்ண உள்ளே போயிருக்கிறார்.

7. ஆகவே, உத்தரவை நிறுத்திவைத்து, வரும் சனிக்கிழமை மூன்றரை மணிக்கு அவரையே மறுபடி அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கதவைத் திறந்து வைத்து, வாசலில் நின்று பதிவேட்டை அவர் உரக்க வாசித்தால் போதும். உச்சரிப்பு எப்படி இருந்தாலும் பரவாயில்லை. ரோஸ்மேனின் பெயர் பதினேழாவது.

இடம்: சான் எலாதியோ
நாள்: ஆகஸ்ட் 12

இப்படிக்கு,
(ஒப்பம்) ஒடினெல் சான்வில்