அப்பாவின் உயரம்

நவம்பர் 4, செவ்வாய்

விடாத மழை. துணி எதுவும் காயல. விழுப்புரத்து டாக்டர் "வீட்டுக்கே கூட்டிக்கினு போயிடுங்க"ன்னு சொல்லி இன்னியோட ஒம்பது நாள். அப்பா கஞ்சி ரெண்டு ஸ்பூன். மல்லாட்டை வறுத்துக் குடுன்னாரு. வாயில பல்லே இல்ல, வேர்க்கடலைக்கு ஆசையைப் பாரு.

வாங்க: டயாபர், பினாயில், பால்.

பெங்களூர்லேர்ந்து அண்ணன் போன். சுத்தி வளைச்சு கடைசில சொன்னான். அப்பாவை வெக்கப்போற சவப்பொட்டிக்கு அளவு வேணுமாம். திண்டிவனத்துல ஆசாரிகிட்ட இப்பவே சொல்லி வெச்சிட்டானாம். வந்துச்சே எனக்குக் கோவம். "உசுரோட இருக்கற மனுசனுக்கா?"ன்னு கத்திட்டு வெச்சிட்டேன்.

அவன் சொல்றதும் வாஸ்தவம்தான். சித்தப்பாவுக்குக் கடையில ரெடியா இருந்த பொட்டி பத்தல. முட்டியை மடக்கித் திணிச்சாங்க. மாதா கோயில்ல அத்தினி பேரும் பார்த்தாங்க. தம்பியை அப்படிப் பார்த்துட்டு அப்பா தேம்பித் தேம்பி அழுதாரு.

நவம்பர் 5, புதன்

மழை இல்ல. புழுக்கம்.

டேப்பு வெச்சு அளக்க முடியாது. அப்பா முப்பது வருசம் கொத்தனாரு. வானூர் பக்கம் எத்தினியோ வீடு அவர் கை பட்டது. டேப்பு இழுக்கற சத்தம் கேட்டாலே தெரிஞ்சிடும். போன் கேமராலயே அளக்கலாம்னு அண்ணன் ஒரு ஆப் அனுப்பினான். தலைகிட்ட ஒரு புள்ளி, பாதத்துல ஒரு புள்ளி, நடுவுல கோடு, நம்பர்.

தூங்கறப்ப எடுத்தேன். மூணு தடவை, மூணு நம்பர். கடைசியா 5 அடி 1.

கண்ணைத் தொறந்துட்டாரு. "போட்டோவா? சொல்லியிருந்தா சட்டை போட்டிருப்பேன் இல்ல?"

ஆமாம்ப்பான்னேன். பாவி நான். நம்பரை அண்ணனுக்கு அனுப்பிட்டு சமையக்கட்டுல போய் அழுதேன்.

நவம்பர் 6, வியாழன்

பங்குச் சாமியார் வந்து நெத்தியில எண்ணெய் தொட்டு அவஸ்தை பூசிட்டுப் போனாரு. அப்பா கூடவே ஜெபம் சொன்னாரு, ஒரு வார்த்தை தப்பல.

சாமியார் போனதும், "நேத்து எத்தினி காட்டுச்சு?"

"எதுப்பா?"

"யார்கிட்ட கதை விடற? எத்தினி காட்டுச்சு, சொல்லு."

சொல்லிட்டேன். மறைக்கத் தெம்பு இல்ல.

"காலு மடங்கிக் கெடக்கறப்ப அளந்தா எப்படிம்மா சரியா வரும்? என் தம்பி மாதிரி என்னையும் மடக்கிடுவீங்க."

முட்டியைப் புடிச்சு அழுத்தச் சொன்னாரு. மாட்டேன்னேன். "ஜல்தி புடி"ன்னு ஒரு அதட்டல், சித்தாளை வேலை வாங்கற குரல். அழுத்தினேன். ஐயோ, அந்த முகம். கண்ணை இறுக்கி மூடிக்கினு நேரா படுத்தாரு. "இப்ப எடு."

5 அடி 7.

"அஞ்சடி ஒம்பது இருந்தேன், ரெண்டு இஞ்ச் கரைஞ்சிட்டேனா? தலைக்கு மேல நாலு விரல் விடச் சொல்லு. எனக்குத் தெரியும்னு ஒங்கண்ணன்கிட்ட சொல்லாத. தாங்க மாட்டான்."

அண்ணனுக்குப் போன் பண்ணி அளவை மாத்திச் சொன்னேன். "தூங்கறப்பதானே எடுத்த?"ன்னான். ஆமான்னேன்.

நவம்பர் 7, வெள்ளி

மல்லாட்டையை இடிச்சு வெல்லம் போட்டு நாக்குல வெச்சேன். சப்பிட்டுப் போதும்னாரு. சாயங்காலத்துலேர்ந்து பேச்சு இல்ல. மூச்சு இழுக்குது. அண்ணனை வரச் சொல்லியாச்சு.

நவம்பர் 9, ஞாயிறு

நேத்துக் காலைல அப்பா போயிட்டாரு. அண்ணன் வந்து சேர்றதுக்குள்ள.

இன்னிக்கு அடக்கம். நல்ல வெயில். பொட்டி சரியா இருந்துச்சு, காலு நல்லா நீட்டியே வெச்சாங்க. அண்ணன் வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சொல்லி அழறான்: "அப்பாவுக்குத் தெரியாமலே தங்கச்சி போன்ல எவ்ளோ கரெக்டா அளந்திருக்கு பாருங்க."

தலையாட்டினேன்.