பொடிசின் கை அசையாத நாட்கள்

அன்புள்ள சிட்டுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைக்காத நாளில்லை. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம் என்று எழுத இந்த வாரம்தான் எனக்குத் தைரியம் வந்தது. நீ கூப்பிட்ட போதெல்லாம் குழந்தை தூங்குகிறது என்று சொல்லி உன் அம்மா போனை வைத்தாளே, அதற்குக் காரணம் உண்டு. போனில் சொன்னால் நீ பாதியில் அழுவாய், நானும் உளறிவிடுவேன். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி, முழுவதும் படித்த பிறகு கூப்பிடு.

உன் தம்பியின் குழந்தை, நம் பொடிசு, இருபத்தேழு வாரத்திலேயே பிறந்து பத்து வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தது உனக்குத் தெரியும். வந்த மூன்றாவது வாரம், ஒரு காலையில் சட்டை மாற்றிக்கொண்டிருந்த உன் அம்மா என்னைக் கூப்பிட்டு, “இங்க பாருங்க, இந்தக் கை மட்டும் ஏன் தூங்குது?” என்றாள். வலது கை ஆடுகிறது, கால் இரண்டும் உதைக்கின்றன, இடது கை மட்டும் யாரோ கழற்றிப் பக்கத்தில் வைத்தது போலக் கிடக்கிறது. மெல்லத் தொட்டேன். முகம் சுருங்கியது, வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. சத்தமே இல்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

எக்ஸ்ரே அறையில் முப்பத்தொரு வருடம் நின்றவன் நான், அன்றே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்ப் பொடிசுக்கும் நானேதான் படம் எடுத்தேன், உன் தம்பி ஈய அங்கியைப் போட்டுக்கொண்டு குழந்தையைப் பிடித்துக்கொண்டான். திரையில் படம் வந்ததும் இயந்திரம்தான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். எலும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஒரு சாம்பல், எங்கே சதை முடிகிறது எங்கே எலும்பு தொடங்குகிறது என்றே சொல்ல முடியவில்லை. மேல்கையில் ஒரு முறிவு. சரி என்று விலாப் பக்கம் பார்த்தால் மூன்று எலும்பில் சின்னச் சின்ன முடிச்சு. உடைந்து தானாகவே கூடிய எலும்புதான் அப்படி முடிச்சுப் போடும். அதாவது மூன்று எலும்பு எப்போதோ உடைந்திருக்கிறது, ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்த முடிச்சுகளை நான் முன்பும் பார்த்திருக்கிறேன் சிட்டு. பெரியவர்கள் ஆத்திரத்தில் கைக்குழந்தையை இறுக்கிப் பிடித்தால் விலாவில் அப்படித்தான் வரும். அப்படிப்பட்ட படங்களுக்காக இரண்டு முறை கோர்ட்டில் சாட்சி சொன்னவன் நான். குழந்தைகள் பிரிவு டாக்டரம்மா படத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. “வீட்டில யார் யார் குழந்தையைத் தூக்குவீங்க?” என்று மட்டும் கேட்டார். எங்கள் நாலு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். குழந்தையிடம் ரத்தம் எடுத்தார்கள், முடிவு வர நாலு நாள் ஆகும் என்றார்கள். கையை மெத்தென்று மார்போடு சேர்த்துக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள், தினமும் வீட்டுக்கு வந்து பார்க்கக் குழந்தை நலப் பிரிவிலிருந்து ஒரு பெண்ணையும் நியமித்தார்கள்.

அந்த நாலு நாளும் வீடு வீடாக இல்லை. யாரும் எந்தக் கதவையும் சாத்தவில்லை, திறந்து கிடந்த கதவுகளைப் பார்க்கவே என்னவோ போல் இருந்தது. ஒருவர் பொடிசைத் தூக்கினால் மற்ற அறைகளில் சத்தம் நின்றுவிடும். குழாய் நிற்கும், பாத்திரம் நிற்கும், உன் தம்பி தட்டச்சு செய்வது நிற்கும். கீழே படுக்க வைத்ததும் எல்லாம் மறுபடி தொடங்கும். மருமகள்தான் என்னை அதிகம் பயமுறுத்தினாள். பட்டப்பகலில் வாசற்படியில் நின்றபடி உதடு மட்டும் அசைய எதையோ எண்ணிக்கொண்டிருப்பாள், நான் திரும்பினால் போய்விடுவாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் சரியாகப் பேசுவதில்லை, சிரிப்பதில்லை. உன்னிடம் மறைப்பானேன், இவள்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மதியம் நான் டயப்பர் மாற்றினேன். எப்போதும் போல இரண்டு கணுக்காலையும் ஒரு கையால் பிடித்துச் சற்றே தூக்கினேன், அவ்வளவுதான். என் விரலுக்குள் டிக் என்றது. காதில் விழுவதற்கு முன்பே கையில் தெரிந்தது. பொடிசு வாயைத் திறந்து, சத்தமில்லாமல் என்னைப் பார்த்தது. அந்த ஒரு நொடி என் மனதில் ஓடியது என்ன தெரியுமா, யாரும் பார்க்கவில்லையே என்பதுதான். நிமிர்ந்தேன். வாசற்படியில் மருமகள். உதடு நின்றிருந்தது.

“நான்தாம்மா. இப்போ என் கையிலதான் உடைஞ்சுது” என்றேன். அவள் அலறவில்லை. மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து, “மாமா, நீங்க தனியா பாப்பாவை வச்சிருக்கிற நேரத்தைத்தான் எண்ணிட்டிருந்தேன். முன்னூறு தாண்டினா உள்ள வந்துடணும்னு” என்றாள். நான் அவளைச் சந்தேகப்பட்ட அதே வாசற்படியிலிருந்து அவள் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். பிறகு சொன்னாள்: “ஆனா நான் பாத்துட்டேதான் இருந்தேன். நீங்க முரட்டுத்தனமா ஒண்ணும் பண்ணல. சும்மா தூக்கினீங்க, அதுக்கே உடையுது.” காலுக்குக் கட்டுப் போடத் தூக்கிப் போனபோது டாக்டரம்மாவிடமும் அவளே அதைச் சொன்னாள். என்னைக் காப்பாற்றியது அவள் சந்தேகம்தான்.

மறுநாள் ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. எலும்புக்கு வேண்டிய பாஸ்பரஸ் பாதிகூட இல்லை. குழந்தை வயிற்றுக்குள் இருக்கும் கடைசி மூன்று மாதத்தில்தான் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் அம்மாவிடமிருந்து போய்ச் சேருமாம். பொடிசு அதற்கு முன்பே வந்துவிட்டது, பெட்டிக்குள்ளும் உதைத்து விளையாட வழியில்லாமல் அசையாமல் கிடந்தது. “எந்தக் கை பட்டும் உடைஞ்சிருக்கும், யாரையும் குத்தம் சொல்லாதீங்க” என்றார் டாக்டரம்மா. இப்போது பாலில் சத்துப் பொடி, சொட்டு மருந்து, வாராவாரம் ரத்தப் பரிசோதனை. கணுக்காலைப் பிடித்துத் தூக்குவது கிடையாது, ஒருக்களித்துப் படுக்க வைத்துத்தான் டயப்பர் மாற்றுகிறோம். முந்தாநாள் இடது கையால் என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. மருமகள் சிரித்தாள். ஆனால் யாராவது விரலில் சொடக்கு எடுத்தால்கூட நான் இன்னும் திடுக்கிட்டு எழுந்துவிடுகிறேன்.

இனி உன் விஷயம். வீட்டில் வேறு யாராவது குறைமாதத்தில் பிறந்தவர்கள் உண்டா என்று டாக்டரம்மா கேட்டார். என் மகள், ஏழு மாதம் என்றேன். சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது வயதில் உன் மணிக்கட்டு உடைந்ததே. கதவைத் தள்ளினேன், வேறு ஒன்றும் செய்யவில்லை என்று நீ திரும்பத் திரும்பச் சொன்னாய். கதவைத் தள்ளினால் கை உடையுமா, சுவரிலிருந்து குதித்துவிட்டுப் பொய் சொல்கிறாய் என்று வீங்கிய கையோடு நின்ற உன்னை அறைந்தேன். அந்தப் படத்தையும் நானேதான் எடுத்தேன், முறிவை மட்டும் பார்த்தேன், சுற்றியிருந்த எலும்பைப் பார்க்கவில்லை. வளர வளரப் பலருக்கு இது சரியாகிவிடும், சிலருக்குக் குறை தங்கிவிடும், உன்னைப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார் டாக்டரம்மா. அங்கே எலும்பு அடர்த்திப் பரிசோதனை ஒன்று செய்துகொள். வெயிலில் கொஞ்சம் நட. முடிவு எதுவானாலும் என்னிடம் மறைக்காதே.

நீ கால் வைக்கும் தரை வழுக்காமல் இருக்கட்டும், மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். அம்மா தனியாக எழுதுவாள்.

நீ கதவைத்தான் தள்ளினாய் கண்ணு. நான் நம்புகிறேன்.

அப்பா