முற்றத்தில் நிறுத்திய அறுபது பேரல்

மார்ச் 4, செவ்வாய்

பஸ் டிப்போவுக்கு மூன்று பேரல் எஞ்சின் ஆயில் அனுப்பிவிட்டுத்தான் பேப்பரைப் பிரித்தேன். மூன்றாம் பக்கத்தில் கையகலச் செய்தி. எங்கள் எண்ணெய்க் கம்பெனி தன் எஞ்சின் ஆயில் பிரிவை விற்க யோசிக்கிறதாம். எண்ணெய்க் கிணறு, பெட்ரோல், டீசல் மட்டும் போதுமாம்.

நஷ்டத்தில் ஓடுகிறதா என்றால் அதுவும் இல்லை. நல்ல லாபம் தரும் பிரிவு என்று அதே செய்தியில் போட்டிருக்கிறது. பிறகு ஏன்?

இரண்டு முறை படித்தேன். டீ ஆறிப்போயிற்று. அந்தப் பிரிவுக்கு இந்த ஊரில் நான்தான் டீலர். ஐந்து லிட்டர் கேனைக் கையில் தூக்கிக்கொண்டு ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாக ஏறி இறங்கிய இருபத்தாறு வயதிலிருந்து எனக்கு வேறு தொழில் தெரியாது.

மார்ச் 6

மகளுக்குப் போன் போட்டேன். அவள் வேலை பார்ப்பது பங்குச் சந்தைக் கம்பெனியில்.

“நல்லா ஓடுறப்பவே வித்தாத்தாம்மா விலை கிடைக்கும். படுத்ததுக்கு அப்புறம் எவன் வாங்குவான்? கெணறு தோண்டப் பணம் வேணும்ல?”

“கச்சா எண்ணெய் விலை விழுந்த வருஷம் கம்பெனிக்குச் சோறு போட்டது யாருடி? கெணறா? எங்க பேரல்தான்.”

“சரிதான். ஆனா ஆயிலை மட்டுமே தொழிலா வச்சிருக்கறவன் வாங்கினா இன்னும் நல்லாப் பாத்துக்குவான். இவங்களுக்கு நீங்கல்லாம் ஓரத்துல கெடக்குற புள்ளதானே?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

மார்ச் 9

இன்றும் கம்பெனியின் ஏரியா ஆபீசர் போனை எடுக்கவில்லை.

மார்ச் 14

நேரிலேயே வந்தார். வந்தால் இரண்டு டீயும் ஒரு மணி நேர ஊர்க்கதையும் இல்லாமல் போகாத மனிதர், இன்று நாற்காலியைத் தொடவில்லை.

“அடுத்த மாசக் கடைசியில போர்டு முடிவெடுக்குது மேடம். வாங்கறவங்க டீலரே வேண்டாம்னுகூட சொல்லலாம். கை மாறுற நேரத்துல ரெண்டு மாசம் சரக்கு வராது. அது மட்டும் நிச்சயம்.”

“உங்க வேலை?”

வாசலைப் பார்த்தார். அப்படியே கிளம்பிவிட்டார்.

மார்ச் 17

யோசித்து முடித்துவிட்டேன். சரக்கு நிற்கும்போது எவள் கையில் பேரல் இருக்கிறதோ, அவளைத் தேடித்தான் புது முதலாளியும் வந்தாக வேண்டும். வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு கேட்டு எழுதிப் போட்டாயிற்று.

இது கெட்டிக்காரத்தனமா, பயமா? தெரியவில்லை.

மார்ச் 26

லோடு வந்தது. குடோன் கூரை வரைக்கும் அடுக்கியும் அறுபது பேரல் மிச்சம். முற்றத்தில் நிறுத்தி வைக்கச் சொன்னேன்.

குடோன் பொறுப்பாளர் தலையைச் சொறிந்தார். மோந்து பார்த்தே எந்த ஆயில் என்று சொல்லிவிடுவதால் அவருக்கு மூக்கு என்றுதான் பெயர்.

“அம்மா, வெளிய வச்சா படுக்கப் போடணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்.”

தெரியாதா எனக்கு? பேரல் மூச்சு விடும். வெயிலில் உள்ளே இருக்கிற காற்று உப்பி மூடி வழியே கசியும். குளிர்ந்தால் வெளியில் இருப்பதை உள்ளே இழுக்கும். நிற்கிற பேரலின் தலையில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தால் அதையும் சேர்த்து உறிஞ்சும். முப்பது வருஷமாக ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பிலும் நான் ஓதிய பாடம் அது. ஆனால் படுக்கப் போட்டால் முற்றத்தில் பாதிகூடக் கொள்ளாது.

“மழைக்கு ரெண்டு மாசம் இருக்கு. தார்ப்பாய் போட்டு மூடுங்க.”

“தார்ப்பாய் உங்க பேச்சைக் கேக்கும். காத்து கேக்குமா?”

முறைத்தேன். போய்விட்டார்.

ஏப்ரல் 8

மழை. பருவம் தப்பிய மழை. மத்தியானம் அடித்த காற்றில் தார்ப்பாய் பக்கத்து வீட்டு மதிலில் போய்த் தொங்கியது. அறுபது பேரலின் தலையிலும் தண்ணீர், வட்ட வட்டமாக.

ஏப்ரல் 9

இரண்டு பேரலைத் திறந்து மேலாக எடுத்துப் பார்த்தோம். தெளிவாக இருந்தது. மூக்கு மோந்து பார்த்து, “வாசனையில குத்தமில்ல. ஆனா தண்ணி அடியிலதானம்மா கெடக்கும், குழாய் விட்டு எடுக்கவா?” என்றார்.

வேண்டாம் என்றேன்.

ஏன் வேண்டாம் என்றேன்? பார்த்தால் தெரிந்துவிடும். அதனால்தான். வேறென்ன.

ஏப்ரல் 23

டிப்போவுக்கு மூன்று பேரல். முற்றத்துச் சரக்குதான் போயிற்று.

ஏப்ரல் 28

டிப்போ மேஸ்திரி போன் செய்தார்.

“ஆயில் பாக்குற கம்பியை உருவினா, பால் காப்பி மாதிரி வருது. ஒரு பஸ் எஞ்சின் பிடிச்சுக்கிச்சு. நல்ல வேளை, நடுவழியில இல்ல, ஷெட்டுலயே. முப்பது வருஷமா உங்க பேரலை நான் திறந்து பாத்ததே இல்ல, மேடம்.”

என் பெயர் அவர் வாயில் வந்ததே கிடையாது. தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். இன்றைக்கு மேடம்.

இரும்புத் தகட்டை அடுப்பில் காயவைத்தோம். சூடான தகட்டில் ஒரு சொட்டு விட்டால், தண்ணீர் கலந்த ஆயில் பொரியும். மீதி ஐம்பத்தேழு பேரலிலும் அடிவரை குழாய் விட்டு எடுத்தார் மூக்கு. நாற்பத்தொன்று பொரிந்தது. ஒவ்வொன்றுக்கும் என் நெஞ்சில் ஒரு சடசடப்பு.

மாலை ஏரியா ஆபீசரிடம் சொன்னேன். குரலைத் தாழ்த்தினார். “சரக்கே அப்படித்தான் வந்ததுன்னு எழுதிக் குடுங்க மேடம். விக்கப்போற பிரிவு, யாரு துருவப் போறா? உண்மையைச் சொன்னா டீலர்ஷிப் அன்னிக்கே போச்சு.”

அவர் சொல்வது நடக்கும். அதுதான் பயமாக இருக்கிறது. பொய் நிற்கும், எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 29

எழுதிவிட்டேன். நாலே வரி. பேரல்கள் என் முற்றத்தில், என் சொல்லின்படி, நின்ற நிலையில் நனைந்தன. ஒரு நகல் கம்பெனிக்கு, ஒன்று டிப்போவுக்கு. எஞ்சின் செலவு என்னுடையது. தபால் பெட்டியின் வாயில் போட்ட பிறகும் விரலை எடுக்க மனம் வரவில்லை.

மே 1

விற்கவில்லையாம்! நேற்று போர்டு கூடிக் கைவிட்டுவிட்டது. லாபம் தரும் பிரிவை இப்போதைக்கு விடுவதாக இல்லை என்று அறிக்கை.

மகள் சொன்னாள்: “நீதாம்மா ஜெயிச்ச. அவங்க யோசிச்சது உன்னை மாதிரியேதான்.”

என்னை மாதிரி யோசித்திருந்தால் கிணற்றையே முற்றத்தில் கொண்டுவந்து வைத்திருப்பார்கள் என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன், பிறகு முடியவில்லை.

மே 20

கம்பெனியிலிருந்து கடிதம். டீலர்ஷிப் தொடரும், பாதி ஏரியா வேறொருவருக்கு. ஒரு வருஷம் கண்காணிப்பு.

ஜூன் 12

டிப்போவிலிருந்து ஒரு பேரலுக்கு ஆர்டர். ஒன்றே ஒன்று. நானே வண்டியில் ஏறிப் போனேன்.

ஷெட்டு வாசலில் அடுப்பும் தகடும் தயாராக இருந்தன. மேஸ்திரி தன் கையாலேயே மூடியைக் கழற்றினார், குழாயை அடிவரை விட்டார், ஒரு சொட்டைத் தகட்டில் விட்டார். இரண்டு பேரும் குனிந்து காதைக் கொடுத்தோம். பின்னால் ஒரு பஸ் உறுமியது. அதை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார்.

புகை மட்டும் எழுந்தது. சத்தம் இல்லை.

“சரி, இறக்கச் சொல்லுங்க, மேடம்.”