அத்தைக்குப் புரியாத கடிதங்கள்

ஜூலை 2, புதன்
மேல்காற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் புழுதி. ஞாயிறு பரீட்சை. தபால்வழி பி.ஏ.வில் இங்கிலீஷ் தாள் மட்டும் பாக்கி, மூன்றாவது தடவை. இதிலும் போனால் விட்டுவிடுவேன்.

ஃபிரேஸ் வகை பிடிபடவில்லை. நவுன், வெர்ப், பிரெபோசிஷனல், இன்னும் என்னென்னவோ. புத்தகத்தில் எல்லாம் மேசைமேல் பூனை. எனக்கு அந்தப் பூனைமேல் அக்கறை இல்லை.

வாங்க: வெங்காயம், கலர் பென்சில் (நீலம், பச்சை).

இவர் டி.வி. முன்னால். கப்பல் வேலையை விட்டு வந்து ஆறு மாதம். 'சாப்பாடு', 'கரண்ட் போச்சு' தவிரப் பேச்சில்லை. இருபத்தைந்து வருஷம் கடிதத்திலும் போனிலும் குடித்தனம். நேரில் என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை.

ஜூலை 3, வியாழன்
பீரோவில் இவருடைய பழைய கடிதங்கள். கல்யாணமான புதிதில் கப்பலிலிருந்து எழுதியவை. அத்தனையும் இங்கிலீஷ். வீட்டுக்கு வரும் கடிதத்தை மாமியார்தான் முதலில் பிரிப்பார், அதனால். அகராதியை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்துப் படித்தேன்.
"என்னளா எழுதிருக்கான்?"
"சொகமா இருக்காகளாம் அத்தை." இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து அவ்வளவுதான் சொல்வேன்.

பூனைக்கு இந்தக் கடிதம் மேல். 'தி கேர்ள் பிஹைண்ட் தி கிச்சன் டோர்.' பெண் பார்க்க வந்தபோது நான் நின்ற இடம். முழுசும் நவுன் ஃபிரேஸ், நீலம். கதவுக்குப் பின்னால் என்பது பிரெபோசிஷனல், பச்சை. கோடு போட்டுவிட்டு அழுதேன்.

ஜூலை 4, வெள்ளி
மாட்டிக்கொண்டேன்.
"என் லெட்டர்லயா கோடு போடுத?"
"உங்க இங்கிலீஷ்தான் மண்டையில ஏறுது."

டி.வி.யை அணைத்தார். கண்ணாடி மாட்டிக்கொண்டு சத்தமாக வாசித்தார். 'டு ஈட் ஃபிஷ் ஃப்ரம் யுவர் ஹேண்ட்' வந்ததும் நிறுத்திவிட்டார். காது சிவப்பு.
"இது என்ன வகை?"
"இன்ஃபினிடிவ் ஃபிரேஸ்."
"நான் ஆசைன்னுல்லா நெனச்சி எழுதுனேன்."

சமைக்கவில்லை. கடைப் புரோட்டா. ஆறு மாதப் பேச்சை ஒரே நாளில் பேசினோம்.

ஜூலை 5, சனி
எனக்கு ஆபீஸ் லீவு. படிப்பு. இவர் கேள்வி கேட்டார், என்னைவிடத் தப்பாக.

ஜூலை 6, ஞாயிறு
ஐந்து வகைக்கும் சொந்த வாக்கியம் ஒவ்வொன்று கேட்டிருந்தார்கள். தயக்கமில்லாமல் எழுதினேன். பாஸாகிவிடுவேன்.

வாசலில் பைக்கோடு இவர்.
"என்னத்த எழுதுன?"
"உங்க லெட்டர்ல உள்ளத."
வண்டியைக் கிளப்பாமல் நின்றார். "அஞ்சுமா? எங்க அம்மைக்கே புரியக் கூடாதுன்னு எழுதுனத எவனோ பேப்பர் திருத்துதவனுக்குக் குடுத்துட்டியேளா. ஒண்ணாவது நமக்குன்னு வச்சிருக்கக் கூடாதா?"

வைத்திருக்கிறேன். அதை இங்கேயும் எழுதப்போவதில்லை.