பத்தொன்பதாவது நிமிடம்

யாஷ்,
8 அக்டோபர் 2018

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒதிலியா எழுதுகிறேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நம் இருவரில் ஒருவர் கோபித்துக்கொண்டு வைத்துவிடுகிறோம், அதனால்தான் காகிதம். ஜேலுவின் மினி பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். மதியத்துக்குள் யாஷிலிருந்து பொதுரேனிக்கு, உன் கைக்கு வந்துவிடும்.

முதலில் ஆற்றாமையைக் கொட்டிவிடுகிறேன். போன வாரம் நான் நடத்திய பயிற்சியில் இருபத்திரண்டு நன்னடத்தை அலுவலர்கள் இருந்தார்கள். இருபத்தொரு பேர் எழுதிக்கொண்டார்கள். நீ கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாய். ஜோடி ஜோடியாக உட்கார்ந்து பேசிப் பழகச் சொன்னால், குற்றவாளி வேடம் போட்டுக்கொண்டு அந்தப் புதுப்பெண் லவீனியாவை அழவைத்துவிட்டாய். "நல்லா நடிச்சேன், அவ்வளவுதான்" என்று காபி நேரத்தில் பெருமை வேறு. பத்து வருடம் சிறைக் காவலராக இருந்து, பதினேழு வருடமாக நன்னடத்தை அலுவலராக இருப்பவர் என் அண்ணன் என்று எல்லார் முன்னாலும் அறிமுகப்படுத்தியது நான்தானே, எனக்கு நன்றாக வேண்டும்.

இப்போது வேலைக்கு வருகிறேன். உன் கண்காணிப்பில் இருக்கும் ஒருவரோடு நீ பேசுவதை அரைமணி நேரம் பதிவு செய்து அனுப்ப வேண்டும். மெயிலில் கூடாது. மெமரி கார்டில் போட்டு, உறையை ஒட்டி அனுப்பு. எத்தனை கேள்வி கேட்டாய், எத்தனை உபதேசம் செய்தாய், அவர் சொன்னதைப் புரிந்துகொண்டு எத்தனை முறை அவருக்கே திருப்பிச் சொன்னாய் என்று எண்ணிப் பார்த்து எழுதுவேன்.

பலகையில் எழுதியதைத்தான் மறுபடி சொல்கிறேன்: பதிவை என்னைத் தவிர யாரும் கேட்க மாட்டார்கள். வேறு எதற்கும் அது பயன்படாது. ஒப்புதல் தாளிலும் அதே வரி இருக்கிறது. அவரிடம் கையெழுத்து வாங்கிவிடு.

அண்ணி கொடுத்தனுப்பிய கத்தரிக்காய்த் தொக்கு இரண்டே நாளில் தீர்ந்துவிட்டது என்று சொல்.

உன் ஒதிலியா


பொதுரேனி,
16 அக்டோபர் 2018

பெருமதிப்புக்குரிய ஆசிரியை ஒதிலியா அம்மையாருக்கு,

மாணவன் நெக்குலாய் எழுதுவது. கார்டு உள்ளே இருக்கிறது.

ஆள் பெயர் வியோரெல். மர அறுவை ஆலையில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் குடித்துவிட்டு மனைவி கத்ரீனாவின் கையை முறித்தான். நீதிபதி தண்டனையை நிறுத்திவைத்து என்னிடம் ஒப்படைத்தார். குடிக்கக் கூடாது, அவள் வீட்டுக்கு இருநூறு மீட்டருக்குள் போகக் கூடாது. மீறினால் உள்ளே. மாதம் ஒருமுறை வருவான். "எப்படி இருக்கே?" "நல்லா இருக்கேன் சார்." "குடிக்கிறியா?" "இல்ல சார்." கையெழுத்து. ஐந்து நிமிடம். இப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது, ஒரு குறையும் இல்லை.

நீ கொடுத்த பதிவுப் பெட்டியை மேசையில் வைத்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "யாரு சார் கேப்பாங்க?" என்றான். "என் தங்கச்சி மட்டும்தான். எனக்கு மார்க் போட. நீ என்ன சொன்னாலும் வெளிய போகாது" என்றேன். "உங்களுக்கா சார் மார்க்கு?" என்று கேட்டுச் சிரித்தான். இரண்டு வருடத்தில் அவன் பல்லை அன்றுதான் பார்த்தேன்.

சொன்னதையே திருப்பிச் சொல்வதற்குக் கிளி வளர்க்கலாம், சம்பளம் கொடுத்து அலுவலர் எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நெக்குலாய்


யாஷ்,
22 அக்டோபர் 2018

அண்ணா,

கேட்டேன். கேள்வி நாற்பத்தொன்று. உபதேசம் ஒன்பது. மிரட்டல் மூன்று. திருப்பிச் சொன்னது ஒன்றே ஒன்று, அதுவும் "அப்ப நீ குடிக்கவே இல்லைங்கறே?" என்று நக்கலாக. கிளி உன்னைவிட நன்றாகச் செய்திருக்கும்.

ஆறாவது நிமிடத்தைப் போட்டுக் கேள். "வேலை முடிஞ்சா நேரா வீட்டுக்குத்தான் சார், பெரும்பாலும்" என்கிறான். அந்த "பெரும்பாலும்" உன் காதில் விழவே இல்லை. குளிர்காலத்துக்கு விறகு வாங்கிப் போட்டாயா என்று கேட்கிறாய்.

அடுத்த முறை ஒன்றே ஒன்று செய். அவன் பேசி நிறுத்தியதும் மனத்துக்குள் ஐந்து எண்ணு. வாயைத் திறக்காதே. மாற வேண்டும் என்ற ஆசை அவனுக்குள்ளேயே இருக்கிறது, நீ கொஞ்சம் இடம் விட்டால் அதுவாக வெளியே வரும். நீ சொல்லித் தர வேண்டியதில்லை. நான்கு வருடமாக ஊர் ஊராகப் போய் இதைத்தான் சொல்கிறேன். அண்ணன் காதில் மட்டும் ஏற மாட்டேன் என்கிறது.

ஒதிலியா


பொதுரேனி,
9 நவம்பர் 2018

ஒதிலியா,

இரண்டாவது கார்டு. நேற்று எடுத்தது.

ஐந்து எண்ணச் சொன்னாய். மூன்று எண்ணுவதற்குள் நாக்கு துடித்தது, மேசைக்கு அடியில் தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் பேசினான். அப்புறம் இன்னும் பேசினான். இருபத்தேழு வருடத்தில் ஒருவன் என்னிடம் இப்படிப் பேசியதே இல்லை. போகும்போது கை கொடுத்துவிட்டுப் போனான்.

மற்றதை நீயே கேள். மார்க்கைக் குறைத்துப் போட்டால் அண்ணியிடம் சொல்லித் தொக்கை நிறுத்திவிடுவேன்.

அண்ணன்


யாஷ்,
12 நவம்பர் 2018

அண்ணா,

கேள்வி ஆறு. திருப்பிச் சொன்னது பதினான்கு. உபதேசம் இல்லை. இப்படி ஒரு பதிவை இதற்கு முன் இரண்டு பேரிடம்தான் கேட்டிருக்கிறேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், அடுத்து எழுதப்போவதைப் படித்ததும் உனக்கு இது மறந்துபோகும்.

பத்தொன்பதாவது நிமிடம். கேட்டது கேட்டபடி எழுதுகிறேன்.

"வேலை முடிஞ்சதும் அவ வீட்டுக்கு எதிர்ல, பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி போய் நிப்பேன் சார். சமையல்கட்டு லைட்டு தெரியும்."

நீ: "அந்த லைட்டைப் பாக்காம உனக்கு வீட்டுக்குப் போக முடியல."

"ஆமா சார். போன வாரம் ரோட்டைத் தாண்டிட்டேன். கேட்டுல கை வச்சேன். உள்ள போயிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியல."

அதற்குப் பிறகு எட்டு விநாடி நீ பேசவில்லை. நான் பதிவை நிறுத்திவிட்டு உனக்குப் போன் செய்தேன்.

இதைக் கோப்பில் எழுதினாயா? கத்ரீனாவுக்குத் தெரியுமா? நாளைக்கே பதில் போடு. போனை எடுத்தாலும் சரி.

ஒதிலியா


பொதுரேனி,
13 நவம்பர் 2018

ஒதிலியா,

எழுதவில்லை. அவளுக்கும் தெரியாது. போனை வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை, நீ கத்துவாய், பதிலுக்கு நானும் கத்துவேன்.

எழுதினால் என்ன நடக்கும் என்று உனக்கும் தெரியும். பஸ் ஸ்டாப்பில் ஏன் நின்றான், ஏன் திரும்பிப் போனான் என்று நீதிமன்றம் கேட்காது. இரண்டு வருடம் நான்கு மாதம் உள்ளே போவான். வெளியே வந்து அதே கேட்டுக்குத்தான் போவான், அப்போது யாரிடமும் சொல்ல மாட்டான். இப்போது ஒரு ஆளிடமாவது சொல்கிறான்.

ஏன் சொன்னான்? வெளியே போகாது என்று நான் சொன்னதை நம்பினான். நான் ஏன் அப்படிச் சொன்னேன்? நீ பலகையில் எழுதியதை நம்பினேன்.

நான் சும்மா இருக்கிறேன் என்று நினைக்காதே. காலையும் மாலையும் கத்ரீனா வீட்டு வழியாகத்தான் வண்டி ஓட்டுகிறேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

நெக்குலாய்


யாஷ்,
14 நவம்பர் 2018, புதன்

அண்ணா,

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒப்புதல் தாளில் முதலில் இன்னொரு வரி இருந்தது: யார் உயிருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் அதை மேலே சொல்லியே ஆக வேண்டும் என்று. போன வருடம் அந்த வரியைப் பார்த்துவிட்டு ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. அலுவலர்களே கார்டைத் தரப் பயந்தார்கள். அதனால் நான்தான் அந்த வரியை எடுத்தேன். யாரையும் கேட்கவில்லை. எடுத்ததும் கார்டுகள் குவிந்தன, எனக்கு நல்ல பெயர். தப்பு முழுக்க என்னுடையது.

ஆனால் அதற்காக அந்தப் பெண்ணைப் பணயம் வைக்க முடியாது. நீ ஒரு நாளைக்கு இரண்டு தடவை அந்தத் தெருவில் போகிறாய். மற்ற நேரமெல்லாம் அவள் கதவை யார் பார்த்துக்கொள்வது? அவளுக்கே தெரியாதே.

அவனிடம் நீயே சொல்லு. நீயே எழுது. வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணி வரை நான் வாயைத் திறக்க மாட்டேன். இது அம்மா மேல் சத்தியம். அதற்குமேல் என்னால் முடியாது.

ஒதிலியா


பொதுரேனி,
15 நவம்பர் 2018, வியாழன்

ஒதிலியா,

மணி மூன்று. ஜேலு நாளைக் காலையில்தான் கிளம்புவான், ஆனாலும் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

வியோரெலை மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரச் சொன்னேன். காலையில் நீ நான்கு முறை கூப்பிட்டதைப் பார்த்தேன். உன் குரலைக் கேட்டால் என் தைரியம் போய்விடும் என்று எடுக்கவில்லை. பெட்டியை வைக்கவில்லை. நேராகச் சொன்னேன்: "நீ சொன்னதை நான் எழுதியாகணும்."

எழுந்துவிட்டான். மேசையைப் புரட்டப் போகிறான் என்று நினைத்தேன். "அப்ப ஏமாத்திட்டீங்களா சார்?"

"ஆமா. தெரியாம வாக்குக் குடுத்துட்டேன். ஆனா ஏமாத்துனது ஏமாத்துனதுதான்."

மறுபடி உட்கார்ந்தான். நான் ஐந்து எண்ணினேன், பத்து எண்ணினேன், எண்ணிக்கை எங்கோ போய்விட்டது. கடைசியில் அவனே கேட்டான்: "நானே போய்ச் சொன்னா?" சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வார்த்தையை நான் அவன் வாயில் வைக்கவில்லை.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு அவனும் நானும் சேர்ந்து போலீஸ் நிலையத்துக்குப் போகிறோம். தானாக வந்து சொன்னான் என்றால் சிறைக்குப் பதில் நிபந்தனையைக் கடுமையாக்கி வெளியிலேயே விடவும் வழி இருக்கிறது. அவன் போனதும் கத்ரீனாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, என்னைத் திட்டினாள், நியாயம்தான். இப்போது அவள் தம்பி வீட்டில் இருக்கிறாள்.

நீ சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆசை உள்ளே இருக்கிறது. இதை எழுத்தில் வாங்க உனக்கு இத்தனை நாள் ஆயிற்று, பத்திரமாக வைத்துக்கொள்.

உன் அண்ணன்


யாஷ்,
15 நவம்பர் 2018, வியாழன்

அண்ணா,

காலையிலிருந்து நான்கு முறை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. பத்தொன்பதாவது நிமிடத்தை மறுபடி போட்டுக் கேட்டேன். "எனக்கே தெரியல" என்று அவன் சொல்கிற குரலைக் கேட்ட பிறகு என்னால் உட்கார முடியவில்லை.

பதினொன்றரைக்குத் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர்கள் போலீஸுக்குச் சொல்லியிருப்பார்கள்.

சத்தியத்தை மீறிவிட்டேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நீயும் நானும் எப்படி உயிரோடு இருப்பது?

ஒதிலியா


பொதுரேனி,
19 நவம்பர் 2018

ஒதிலியா,

இரண்டு கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன.

வியாழன் நான்கு மணிக்கு ஆலைக்கு வந்தார்கள். ரம்பத்தை நிறுத்தச் சொல்லி, எல்லார் முன்னாலும் விலங்கு மாட்டினார்கள். யாரோ எனக்குப் போன் செய்தார்கள், ஓடினேன். வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தான். கத்தவில்லை. "நல்லாக் கேட்டீங்க சார்" என்றான். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணி என்று நான் சொன்னது, போலீஸ் வரும்வரை அவனை ஓடவிடாமல் வைக்க நான் போட்ட திட்டம் என்று நினைக்கிறான். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

நீ செய்தது தப்பு என்று எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். தப்பு என்று எழுத வரவில்லை. கத்ரீனா நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால் நானும் புதன்கிழமையே போன் செய்திருப்பேன். ஆனால் நீ அம்மா மேல் சத்தியம் செய்துவிட்டு என்னிடமிருந்து ஒரு நாளைப் பிடுங்கிக்கொண்டாய். அந்த ஒரு நாளில் நான் ஒழுங்காக நடந்துகொள்வேன் என்று உனக்கு நம்பிக்கை இல்லை. வலிக்கிறது.

பயிற்சியிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். கார்டு இனி வராது. கொஞ்ச நாளைக்குக் கடிதமும் வேண்டாம்.

நெக்குலாய்


யாஷ்,
6 டிசம்பர் 2018

அண்ணா,

வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். இன்று புனித நிக்கொலாய் திருநாள், உனக்குப் பெயர் தந்த புனிதரின் நாள். நன்றாக இரு.

ஒப்புதல் தாளில் அந்த வரியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்பதையும் மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். விசாரணை வைப்பார்கள், வைக்கட்டும். புதுக் குழுவில் இருபது பேரில் நான்கு பேர்தான் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவன் தானாக மாறுவான், அவனுக்கு நேரம் கொடுங்கள் என்று பாடம் நடத்தினேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே உன் ஞாபகம் வந்து நிறுத்திவிட்டேன். தண்ணீர் குடித்துச் சமாளித்தேன்.

அனுமதி வாங்கி, நேற்று சிறைக்குப் போய் வியோரெலைப் பார்த்தேன். உட்காரச் சொல்லவில்லை, நின்றுகொண்டே பேசினேன். "உங்க அலுவலர் போன் பண்ணலை. நான்தான் பண்ணேன். அவர் வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு உங்களோட வர்றதா நெசமாவே இருந்தார்" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"நீங்கதான் அந்தத் தங்கச்சியா?" என்றான். தலையை ஆட்டினேன்.

"அவருகிட்ட சொல்லிட்டுப் பண்ணீங்களா?"

"இல்ல. வெள்ளிக்கிழமை வரைக்கும் சொல்ல மாட்டேன்னு அவருக்குச் சத்தியம் பண்ணியிருந்தேன்."

"அப்ப அவரையும் ஏமாத்திட்டீங்க" என்றான். ஆமாம் என்றேன். சிரித்துவிட்டான், அண்ணா. "அப்ப நானும் சாரும் ஒரே கட்சி" என்றான்.

கிளம்பும்போது கூப்பிட்டுச் சொன்னான். அங்கே இருக்கிற அலுவலரிடம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லையாம், பேசவும் மாட்டானாம். "அவரை வரச் சொல்லுங்க. அவருன்னா பேசுறேன்."

செவ்வாயும் வெள்ளியும் பார்க்க விடுகிறார்கள். எனக்குப் பதில் எழுத வேண்டாம். என்னை மன்னிக்கவும் வேண்டாம். நாளைக்கு வெள்ளிக்கிழமை, ஒன்பது மணிக்கே கதவைத் திறந்துவிடுவார்கள். போய் அவனைப் பார்.

ஒதிலியா