அம்மாவின் அம்மாவுக்கு இரண்டு பெயர்

1961 ஜூன் 12, திங்கள்

விடாத மழை. தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக் கூரையில் மறுபடி ஒழுகல். காலண்டரின் பின்பக்கத்தில் வம்ச மரம், பாதி வரைந்தாயிற்று.

ஞாயிறு தங்கை செல்விக்குப் பரிசம். மாப்பிள்ளை ராசு, அம்மாவின் அண்ணன் மகன். முறைப் பையன். பெரியப்பா மட்டும் இறம்பொடையிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்: "ரெண்டு பக்கமும் மூணு தலமுற பேரு தெரியாம நான் பரிசத் தட்டுல கை வைக்க மாட்டேன்." படித்தவள் நான்தான் எழுதி, சபையில் வாசிக்க வேண்டுமாம்.

அம்மாவைப் பெற்றவள் பெயர்? ராசுவின் அப்பா, என் மாமா: மூக்காயி. அம்மா, அரிசி புடைத்தபடி, யோசிக்காமல்: காத்தாயி. பிறகு முறத்தைத் தட்டிக்கொண்டே, "மாமா சொன்னதையே எழுது."

ஜூன் 13

பள்ளிக்கூடத்தில் மனம் ஒட்டவில்லை. கணக்கு நோட்டுகள் திருத்தவில்லை. வாங்க: சோப்பு, பாவாடை நாடா, ரப்பர்.

ஒருத்திக்கு இரண்டு பெயரா, தாத்தாவுக்கு இரண்டு தாரமா? லயத்தில் விசாரித்தேன். பக்கத்து வீட்டு அக்கா: "என்ன டீச்சரம்மா, வீடு வீடா பேரு கேக்குறீங்க, ஓட்டுக்கா? தோட்டத்து ஆளுங்களுக்கு இருந்த ஓட்டத்தான் சர்க்காரே புடுங்கிருச்சே." ஒரே சிரிப்பு. திரும்பிவிட்டேன்.

ஜூன் 15

கீழ் லயத்தில் ஒரு பெரியவர் சாவு. அம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு நேரே போனாள். நானும். அவருக்காக அம்மா தொடங்கிய ஒப்பாரி, எல்லாப் பெண்களுக்கும் போல, தன் சாவுகளுக்குத் திரும்பிவிட்டது.

"கூடப் பொறக்காம கூட வந்த அண்ணனே
கடலோரம் எங்காத்தா காத்தாயி சாயையில
கைபுடிச்சு ஏத்துனியே"

கூடப் பிறக்காத அண்ணன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் கூட்டத்தில் மாமாவைத் தேடினேன்.

ஜூன் 16

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலையில் மாமாவைப் பிடித்தேன். அம்மா உங்கள் கூடப் பிறந்தவள் இல்லையா என்றேன்.

"ஆமா பாப்பா. கப்பலேறுமுன்ன அவ ஆத்தா காய்ச்சல்ல போயிட்டா. அப்பன் முன்னமே இல்ல. ஒண்டிப் புள்ளைய ஏத்த மாட்டேன்னாரு கங்காணி. என் தங்கச்சின்னேன். அவ்வளவுதான்."

"அப்பாவுக்கு?"

"தெரியும். உங்க பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன சாதியோன்னு எந்திரிச்சுப் போயிருவாரு." கத்தியைச் சாக்கில் துடைத்தார். "எழுதப் போறியா?"



ஜூன் 17

எழுதி, அழித்து, எழுதி. அந்த இடத்தில் காகிதம் ஓட்டை. எழுதினால் செல்வியின் கல்யாணம் போகும். எழுதாவிட்டால் காத்தாயி. செல்வி கண்ணாடி முன் பொட்டு மாற்றி மாற்றி வைக்கிறாள். "எது நல்லா இருக்கு அக்கா?"

ஜூன் 18, ஞாயிறு

வாசித்தேன்.

பெரியப்பா: "பொண்ணோட அம்மாவப் பெத்தவ?"

"மூக்காயி."

"காது மந்தம் தாயி. சத்தமா."

"மூக்காயி."

உள்ளே அம்மாவின் வளையல் சத்தம் நின்றது. பெரியப்பா தட்டில் கை வைத்தார்.

எல்லாரும் போனபின் அம்மா ஈரக் கையோடு வந்தாள். "அந்தப் பேர எங்கயாச்சும் வச்சிருக்கியா?"

இந்த நோட்டைப் பிரித்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. விரலைப் பிடித்து, திங்கட்கிழமைப் பக்கத்தில், காத்தாயி மேல் வைத்தேன்.

"இம்புட்டுத்தானா," என்றாள்.

விரலை எடுக்கவில்லை.