பெட்டி மூடியில் இருந்த எழுத்து

ஞாயிற்றுக்கிழமை.

எழுத்தெல்லாம் கோணல்மாணலாக வருகிறது, நோட்டே, பொறுத்துக்கொள். இந்த வயதில்தான் எழுதப் படிக்கக் கற்கிறேன்; கை இப்போதுதான் பழகுகிறது.

பேத்தி மலருக்காக ஆன்லைனில் பாதி விலைக்கு வாங்கிய பழைய வீடியோ கேம் இன்று வந்தது. பெட்டி மூடியின் உள்பக்கம் யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்.

“நீ சொல்லீராத, நான் வாசிக்கேன்” என்று மலரிடமிருந்து மூடியைப் பிடுங்கிக்கொண்டேன். எழுத்துக்கூட்டித் தெருவுக்கே கேட்கும்படி வாசித்தேன்: “அப்பா வாங்கித் தந்தது.”

தப்பில்லாமல் வாசித்துவிட்ட சந்தோஷத்தில் சிரித்தேன். பிறகுதான் பொருள் புரிந்தது. அவளுடைய அப்பா, என் மகன், போன தீபாவளி சீசனில் பட்டாசு ஆலை விபத்தில் போய்விட்டான்.

“நல்லா வாசிக்கீக தாத்தா” என்றாள் மலர். கேமைப் போடவில்லை.

“அழிச்சிரவா?” என்று கேட்டேன்.

“வேண்டாம். யாரோட அப்பாவோ. இருக்கட்டும்.”

வாய்விடாமல் வாசிக்க எனக்கு இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் எழுத உட்காருவதற்குள் அதைப் பழகிவிட வேண்டும்.